சாப்பிடாமல் ஏறும் சர்க்கரை

மைசூரில் எந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குக் காலை ஏழு மணிக்குப் போனாலும் ஒரு வரிசை நிற்கும். எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் காபி குடிக்கணும் என்கிற அவசரம் எல்லோருக்கும். ரிசல்ட் கைக்கு வந்ததும் பலரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ராத்திரி ரெண்டே ரெண்டு சப்பாத்திதான் சாப்பிட்டேன். படுக்கும்போது 135 இருந்தது. காலையில 172 காட்டுது. நடுவுல ஒண்ணுமே சாப்பிடலையே, இந்தச் சர்க்கரை எங்கேருந்து வந்தது?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தெரியாததால் நம் வீடுகளில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. சிலர் மறுநாளிலிருந்து இரவுச் சாப்பாட்டையே நிறுத்தி விடுகிறார்கள். வேறு சிலர் டாக்டரைக் கேட்காமலே மாத்திரையை அரை கூட்டிக் கொள்கிறார்கள், அல்லது இன்சுலினில் நாலு யூனிட் சேர்த்துப் போட்டுக் கொள்கிறார்கள். இந்த இரண்டுமே, தூங்குகிற நேரத்தில் சர்க்கரை அபாய அளவுக்கு இறங்க வழி செய்யக்கூடியவை. காலைச் சர்க்கரை எங்கிருந்து வருகிறது, நமக்கு எந்தக் காரணம் பொருந்துகிறது என்று வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது, டாக்டரிடம் என்ன கொண்டு போவது ஆகிய மூன்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லீரல் என்னும் களஞ்சியம்

முதலில் ஒரு கணக்கு. நம் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சர்க்கரை அளவு 100 மில்லிகிராம் என்றால் அது 100 மில்லி லிட்டர் ரத்தத்துக்கான அளவு. அப்படிப் பார்த்தால் மொத்த ரத்தத்திலும் இருக்கும் குளுக்கோஸ் 5 கிராம்தான். ஒரு டீஸ்பூன் சர்க்கரை! 100க்கும் 172க்கும் உள்ள வித்தியாசம் ஒரு டீஸ்பூன்கூட இல்லை.

ஆனால் நம் மூளை மட்டுமே ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. நாம் தூங்கினாலும் அது தூங்குவதில்லை. மணிக்கு 5 கிராம் வீதம் அதற்கு வந்துகொண்டே இருக்கணும். இரவு எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும்போது அதை யார் தருவது? கல்லீரல்தான். பகலில் சாப்பிட்டதில் ஒரு பங்கை, சுமார் 100 கிராம் வரை, 'கிளைகோஜன்' என்ற வடிவில் அது சேமித்து வைக்கிறது. இரவில் அதை உடைத்துச் சிறிது சிறிதாக ரத்தத்தில் விடுகிறது. போதாதபோது புரதம் போன்ற வேறு பொருள்களிலிருந்தும் புதிதாகக் குளுக்கோஸ் செய்கிறது. அந்தக் காலத்துக் கூட்டுக் குடும்பத்தில் பாட்டி இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகிக்கொண்டு, உக்கிராண அறையிலிருந்து படியளந்து கொடுப்பார் இல்லையா, அந்த மாதிரி.

அந்தச் சாவிக்கொத்துதான் இன்சுலின். 'போதும், கதவைச் சாத்து' என்று கல்லீரலுக்குச் சொல்வது இன்சுலின். அது குறைவாக இருந்தாலோ, இருந்தும் கல்லீரல் அதன் சொல்லைக் கேட்காவிட்டாலோ கதவு திறந்தே கிடக்கும். ஆகவே காலையில் காணும் சர்க்கரை பெரும்பாலும் ராத்திரி சாப்பிட்ட சப்பாத்தியுடையது அல்ல. விடிய விடியக் கல்லீரல் அளந்து கொட்டியது.

விடியற்காலை ஏற்றம்

மூன்று, நாலு மணிக்கு மேல் உடம்பு விழிப்பதற்குத் தயாராகத் தொடங்குகிறது. தூக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன், அதிகாலையில் கூடும் கார்டிசால், இவையெல்லாம் கல்லீரலைப் பார்த்து 'இன்னும் கொஞ்சம் விடு' என்கின்றன. இன்சுலினின் வேலையையும் மந்தப்படுத்துகின்றன. இது எல்லா மனிதருக்கும் நடப்பது. சர்க்கரை நோய் இல்லாதவருக்குக் கணையம் அந்த நேரத்தில் சிறிது இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து சரிசெய்துவிடும். நோய் உள்ளவருக்கு அந்தக் கூடுதல் கிடைப்பதில்லை. அதனால் நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் சர்க்கரை ஏறுகிறது. மரியா இனெஸ் ஷ்மிட் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1981ல் இதை விவரித்து, 'விடியல் நிகழ்வு' என்ற பொருளில் பெயரிட்டார்கள்.

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இது உண்டு. இதனால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சுமார் 0.4 சதவீதம் கூடுகிறது என்று பிரான்சில் லூயி மொன்னியே குழுவினர் 2013ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பெரிய தொகை இல்லை. அலட்சியம் செய்யக்கூடிய தொகையும் இல்லை.

நம்ம ஊர் சொன்ன பாடம்

"எங்க அப்பா மூணு வேளையும் சாதம் சாப்பிட்டார், அவருக்கு ஒண்ணும் வரலை. எனக்கு மட்டும் ஏன்?" என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. கல்லீரல் ஏன் சிலருக்கு மட்டும் இன்சுலின் சொல் கேட்பதில்லை என்பதற்கு மைசூரிலிருந்தே உலகத்துக்கு ஒரு செய்தி போயிருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

மண்டி மொஹல்லாவில் நாம் 'மிஷன் ஆஸ்பத்திரி' என்று சொல்கிற ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில், 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம் முதலிய விவரங்களை ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அந்தப் பதிவேடுகளைக் கொண்டு, அப்படிப் பிறந்து நடுவயதை எட்டியிருந்த ஆண்களையும் பெண்களையும் தேடிப் பரிசோதித்தார்கள். 1998ல் கரோலின் ஃபால் குழுவினர் வெளியிட்ட முடிவு: பிறக்கும்போது நீளம் குறைந்து, அதற்குப் பருமன் கூடியிருந்தவர்களுக்கும், கர்ப்ப காலத்தில் எடை கூடியிருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கும் பிற்காலத்தில் சர்க்கரை நோய் அதிகம். பிறகு 1997-98ல் அதே மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளைக் கொண்டு 'பார்த்தனன்' என்ற பெயரில் புதிய ஆய்வு தொடங்கியது. கர்ப்ப காலச் சர்க்கரை இருந்த தாய்மாரின் பெண் குழந்தைகளுக்கு, 5 வயதிலேயே தோலடிக் கொழுப்பும் இன்சுலின் அளவும் கூடுதலாக இருந்ததை அது காட்டியது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? காலையில் வரும் அந்த எண் நேற்று ராத்திரி நாம் செய்த குற்றத்துக்கான தீர்ப்பு அல்ல. அதற்குப் பின்னால் பிறப்புக்கு முந்தைய கதையும் இருக்கிறது. வீட்டில் பெரியவர்களைப் பார்த்து, "ராத்திரி திருட்டுத்தனமா என்ன சாப்பிட்டீங்க?" என்று விசாரணை நடத்துவதை முதலில் நிறுத்தணும்.

மற்ற காரணங்கள்

விடியல் ஏற்றம் ஒன்றுதான் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. இன்னும் மூன்று உண்டு.

ஒன்று, இரவுச் சாப்பாடு. படுக்கும்போதே 210 இருந்தால் காலையில் 200 இருப்பதில் அதிசயம் இல்லை. இங்கே குறை விடியற்காலையில் இல்லை, தட்டில் இருக்கிறது. அல்லது அந்த வேளைக்கான மருந்தில் இருக்கிறது.

இரண்டு, மருந்தின் வேகம் அடங்கிப் போவது. இரவு எட்டு மணிக்குப் போட்ட கலவை இன்சுலினின் வேகம் நள்ளிரவை ஒட்டி உச்சத்துக்குப் போய், விடியும் முன் தளர்ந்துவிடலாம். மாத்திரையும் போதாமல் போகலாம். அப்போது சர்க்கரை நள்ளிரவிலிருந்தே படிப்படியாக ஏறிக்கொண்டு வரும்.

மூன்று, நடு இரவில் சர்க்கரை மிகவும் இறங்கி, உடம்பு பயந்துபோய் எதிர் ஹார்மோன்களைச் சுரந்து, அதனால் காலையில் கூடிப்போவது. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் சோமோஜி 1930களில் இக்கருத்தைச் சொன்னார். அவர் பெயராலேயே இதைச் சொல்வார்கள். பின்னாளில் இரவு முழுவதும் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார்கள் வந்தபோது, இது முன்பு நினைத்த அளவுக்கு அடிக்கடி நடப்பதில்லை என்று தெரிந்தது. இரவில் இறங்கியவருக்குக் காலையிலும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கிறது. ஆனால் இரவில் இறங்குவது என்பதே பெரிய அபாயம். தலையணை நனைய வியர்ப்பது, கெட்ட கனவு, காலையில் எழுந்ததும் தலைவலி, காரணமில்லாத குழப்பம், இவை இருந்தால் சந்தேகப்படணும்.

இவை தவிர காய்ச்சல், சரியாகத் தூங்காமை, பலத்த குறட்டையோடு மூச்சு அடைபடும் தூக்கக் கோளாறு, மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் தரப்படும் ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவையும் சர்க்கரையைக் கூட்டும்.

மூன்று எண்கள், மூன்று நாட்கள்

எது நம் காரணம் என்று கண்டுபிடிக்கக் காலை எண் மட்டும் போதாது. படுக்கும்போது ஒன்று, விடியற்காலை மூன்று மணிக்கு ஒன்று, எழுந்ததும் ஒன்று. இப்படி மூன்று எண்கள் வேண்டும். அலாரம் வைத்து எழுந்து பார்க்கணும். ஒரு வாரத்தில் மூன்று இரவுகள் பார்த்தால் போதும். கூடவே என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்கு, எந்த மருந்து எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்க.

இப்போது எண்களைப் படிக்கலாம். படுக்கும்போது 210, மூன்று மணிக்கு 200, காலையில் 205 என்றால் இரவுச் சாப்பாட்டைக் கவனிக்கணும். 130, 128, 170 என்றால் அது விடியல் ஏற்றம். 130, 155, 190 என்று படியேறினால் இரவுக்கான மருந்து போதவில்லை என்று பொருள். மூன்று மணிக்கு 70க்குக் கீழே இருந்தால், காலை எண் எதுவானாலும், அன்றைக்கே டாக்டரிடம் பேசணும். இந்த நிலையில் காலை எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க.

மூன்று மணிக்கு எழ முடியாதவர்கள், தனியே இருக்கும் முதியவர்கள், புஜத்தில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். இரண்டு வாரம் இரவும் பகலும் அது கோடு போட்டுக் காட்டிவிடும்.

மீட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2013ன் சர்வதேசத் தர விதிப்படி, 100க்கு மேல் உள்ள அளவுகளில் வீட்டு மீட்டர் 15 சதவீதம் வரை கூடக்குறையக் காட்டலாம். அதாவது 140 என்று காட்டினால் உண்மை அளவு ஏறத்தாழ 120லிருந்து 160 வரை எங்கேயும் இருக்கலாம். நேற்று 138, இன்று 149 என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்க. பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து காட்டும். ஸ்ட்ரிப் காலாவதி ஆகிவிட்டதா என்றும் பார்க்கணும்.

என்ன செய்யலாம்?

இரவுச் சாப்பாட்டு நேரத்தை முன்னே கொண்டு வருவது முதல் படி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், நோயில்லாத 20 பேருக்கு ஒரே சாப்பாட்டை மாலை 6 மணிக்கும் இரவு 10 மணிக்கும் கொடுத்துப் பார்த்து 2020ல் முடிவை வெளியிட்டார்கள். தாமதமாகச் சாப்பிட்டபோது சர்க்கரையின் உச்சம் சுமார் 18 சதவீதம் கூடியது. சீரியல் முடிந்த பிறகு ஒன்பதரைக்குத் தட்டு வைக்கும் வழக்கமுள்ள வீடுகள் இதைக் கவனிக்கணும். ஏழரைக்குள் சாப்பிட்டு, பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் தெருவிலோ மாடியிலோ நடந்தால் நல்ல பலன் தெரியும்.

அடுத்து, இந்த ஊருக்கு வந்து நாம் பழகிக்கொண்ட ராகி முத்தெ. ராகி நல்ல தானியம். நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். ஆனால் 'ராகியில் சர்க்கரையே கிடையாது' என்பது சரியில்லை. 100 கிராம் அரிசியில் 78 கிராம் அளவுக்கு மாவுச்சத்து என்றால், ராகியிலும் 70 கிராமை ஒட்டி இருக்கிறது. பெரிய முத்தெ இரண்டு உருட்டி விழுங்கினால் சாதத்தை விட்டதன் பலன் போச்சு. சப்பாத்திக்கும் இதே கணக்குத்தான். எந்தத் தானியமானாலும் அளவு குறையணும். கூட்டு, பொரியல், பருப்பு, சுண்டல் கூடணும்.

காலைச் சர்க்கரை அதிகம் என்று டிபனைத் தள்ளிப் போடுவதும் பலர் செய்வது. விடியல் ஏற்றம் உள்ளவர் அளவாகச் சாப்பிட்டால் இன்சுலின் சுரந்து, கல்லீரல் கதவைச் சாத்தும். சாப்பிடாமல் இருந்தால் அது மேலும் கொட்டிக்கொண்டிருக்கலாம். குக்கரஹள்ளி ஏரிக்கரையில் ஒரு சுற்று நடப்பது நல்லதுதான். ஆனால் இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மீட்டரில் பார்த்துவிட்டுக் கிளம்பணும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடி இருக்கணும். சாமுண்டி மலையின் ஆயிரம் படி ஏறுபவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

இனி வெந்தயமும் பாகற்காயும். இவற்றை மூடநம்பிக்கை என்று தள்ள வேண்டாம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆர்.டி. சர்மா குழுவினர் வெந்தயத்தை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்து, சர்க்கரை குறைந்ததைக் கண்டார்கள். ஆனால் 1990ல் வெளிவந்த அந்த ஆய்வில் கொடுத்த அளவு நாளைக்கு 100 கிராம், அதுவும் கொழுப்பு நீக்கிய பொடி. நாம் ராத்திரி ஊறப்போடுவது ஒரு ஸ்பூன், நாலைந்து கிராம்! நம் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்திலும் பாகற்காயைச் சோதித்திருக்கிறார்கள், எலிகளில். சமையலில் தாராளமாகச் சேருங்க. இவற்றை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க.

மருந்து மாற்றம் டாக்டரின் வேலை. கல்லீரலின் கதவைச் சாத்த மெட்ஃபார்மின் உதவும். இன்சுலின் போடுபவர்களுக்கு நேரத்தை மாற்றுவதோ, நாள் முழுதும் ஒரே சீராக வேலை செய்யும் நீண்ட நேர இன்சுலினுக்கு மாற்றுவதோ உண்டு. எதைச் செய்யலாம் என்பதை உங்கள் நோட்டில் உள்ள மூன்று எண்கள்தான் அவருக்குச் சொல்லும். காலை எண் ஒன்றை மட்டும் காட்டினால் அவரும் ஊகிக்கத்தான் முடியும்.

எவ்வளவு இருந்தால் போதும்?

பொதுவாக நோயாளிகளுக்குக் காலை வெறும் வயிற்றில் 80 முதல் 130 வரை இலக்கு. ஆனால் எழுபது, எண்பது வயதில், இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ சேர்ந்து இருப்பவர்களுக்கு 90 முதல் 150 வரை இருந்தால் போதும் என்று நிபுணர்கள் தளர்த்திச் சொல்கிறார்கள். காரணம், அந்த வயதில் 160 இருப்பதைவிட ராத்திரி 50க்கு இறங்குவது பல மடங்கு ஆபத்து. பாத்ரூம் போகும் வழியில் தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிறது. இதயத் துடிப்பும் தடுமாறலாம். கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரைகள் முதியவர் உடம்பில், அதுவும் சிறுநீரகம் தளர்ந்திருந்தால், நெடுநேரம் தங்கிச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ராத்திரி சாப்பாட்டையும் நிறுத்தினால் சொல்லவே வேண்டாம். மது அருந்துபவர்களுக்கும் விடியற்காலையில் இறங்கும் அபாயம் உண்டு.

சர்க்கரை இறங்கினால், நினைவு இருக்கும்போதே மூன்று டீஸ்பூன் சர்க்கரையை, அதாவது 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கணும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை வேகமாகச் சேராது. குளுக்கோஸ் பொடிதான் கொடுக்கணும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108க்குப் போன் செய்யணும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

நம் குடும்பங்களில் பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். அப்பாவும் அம்மாவும் இங்கே தனியாக. தினமும் போன் வருகிறது. "அப்பா, காலையில சுகர் எவ்வளவு?" என்பதுதான் முதல் கேள்வி. அக்கறையோடு கேட்பதுதான். ஆனால் அந்த ஒரு எண்ணுக்குப் பயந்து, பிள்ளை திட்டக் கூடாதே என்று, முந்தின இரவு பட்டினி கிடக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு நல்ல நம்பர் சொல்வதற்காக ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.

இனிமேல் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்க. "ராத்திரி என்ன சாப்பிட்டீங்க? படுக்கும்போது எவ்வளவு இருந்தது? ராத்திரி வேர்த்ததா? மூணு மணிக்கு எப்பவாவது பார்த்தீங்களா?" என்று கேளுங்க. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எச்பிஏ1சி எடுத்து அனுப்பச் சொல்லுங்க. அடுத்த முறை ஊருக்கு வரும்போது இரண்டு இரவு நீங்களே அலாரம் வைத்து எழுந்து, பெற்றோருக்கு அந்த மூன்று மணி எண்ணை எடுத்துக் கொடுங்க. ஸ்வீட் பாக்கெட்டைவிட அவர்களுக்கு உபயோகமான பரிசு அதுதான்.